மூன்று சொட்டுச் சாயம்

“சாயத்தை ஊத்துதா வே! என் கண்ணு முன்னாலயே ஊத்துதா!”

கண்ணாடிக் கதவில் நெற்றி முட்ட நின்றுகொண்டு ஹரிஹரசுப்பிரமணியன் கூவினார்.

பேட்டையில் உள்ள அந்த உணவுப் பரிசோதனை ஆய்வகத்துக்கு அவர் வந்தது நூகுவுக்காக. நூகு, மேலப்பாளையத்தில் மிளகாய்ப் பொடி அரைத்து விற்பவர். அவருடைய பொடியில் சாயம் கலந்திருப்பதாக யாரோ பெயர் எழுதாமல் புகார் அனுப்ப, அதிகாரிகள் கடையில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, இங்கே அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு தெரியும். சாயம் உண்டு என்று வந்துவிட்டால் கடைக்குப் பூட்டு.

ஹரிஹரசுப்பிரமணியன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக நூகுவின் வாடிக்கையாளர். “நியாயம் கேக்க ஓர் ஆள் வேண்டாமா வே?” என்று தாமாகவே உடன் வந்திருந்தார்.

நூகுவும் எட்டிப் பார்த்தார்.

உள்ளே, வெள்ளை அங்கி அணிந்த பெண் ஒருத்தி, குடுவையில் இருந்த மிளகாய்ப் பொடியின்மேல் சிவப்புத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பக்கத்தில் ஒரு பொட்டலம் பிரித்துக் கிடந்தது. அதன்மேல் பச்சை எழுத்தில் ‘நூகு மிளகாய்ப் பொடி’.

நூகு ஹரிஹரசுப்பிரமணியன் பக்கம் திரும்பினார்.

“சார்வாள், இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும். மாசா மாசம் கடைக்கு வரும். நூறு கிராம் பொட்டலம் ஒண்ணே ஒண்ணு வாங்கும். சிரிக்காது. அரைச்ச தேதியக் கேக்கும், ரசீதக் கேக்கும், போயிரும்.”

“அப்பமும் உமக்கு உறைக்கலையா? புகார் எழுதினதும் இவதான், இப்பம் கலக்குததும் இவதான்! யார் கிட்டயோ கையூட்டு வாங்கிட்டு உம்ம வயித்துல அடிக்கா!”

வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து வந்தாள். “சார், சோதனை நடக்குது. பாதியில விட்டுட்டு அவங்க வெளிய வர முடியாது. கொஞ்சம் உக்காருங்க.”

“உக்காரவா? நாடே பாக்கட்டும்!”

கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார். பொட்டலமும் குடுவையும் சிவப்புச் சொட்டும் தெளிவாக விழுந்தன. தம் குரலையும் சேர்த்தார். அவர் உறுப்பினராக உள்ள மூன்று வாட்ஸப் குழுக்களுக்கும் அதை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கதவு திறக்க அரை மணி நேரம் ஆயிற்று.

“படிச்ச பிள்ளைதானே நீ?” ஹரிஹரசுப்பிரமணியன் பாய்ந்து எழுந்தார். “நேர்மையா உழைக்குத மனுஷன் பொடியில சாயத்தை ஊத்த உனக்குக் கை கூசலையா?”

அவள் கையுறையைக் கழற்றினாள். “என் பேரு ஸ்டெபி சார். சாயம் ஊத்தினது உண்மைதான்.”

“கேட்டீரா வே? ஒத்துக்கிட்டா!”

“ஆனா அது அதிகாரிங்க அனுப்பின மாதிரிப் பொடி இல்ல. அதெல்லாம் வெறும் எண்ணோடதான் என் மேசைக்கு வரும். யார் கடைன்னே எங்களுக்குத் தெரியாது. இது நான் கடையில வாங்கின பொட்டலம்.”

“வாங்கி, அதுல எதுக்குச் சாயம்?”

“ஒரு பொடியில சாயம் இல்லைன்னு நான் எழுதணும்னா, இருந்தா எங்க கருவி அதைக் கண்டுபிடிக்குமான்னு முதல்ல தெரியணும். அதுக்காக, சாயமே இல்லாத பொடியில நாங்களே அளந்து சாயம் விடுவோம். அப்புறம் கரைப்பான்ல ஊற வச்சுப் பிரிச்சு எடுத்து, விட்ட அளவு திரும்பி வருதான்னு பாப்போம்.”

“அதுக்கு இவர் பொடிதான் கெடைச்சுதா?”

ஸ்டெபி நூகுவைப் பார்த்தாள். முதல் முறையாகச் சிரித்தாள்.

“சாயமே இல்லாத பொடி தேடி அம்பாசமுத்திரம் வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கினேன் அண்ணாச்சி. கடைசியில உங்க கடைதான். அஞ்சு வருஷமா ஒவ்வொரு பொட்டலத்தையும் சோதிச்சுட்டுத்தான் எடுக்கேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. மத்த எல்லாப் பொடியையும் உங்க பொடிய வச்சுத்தான் சோதிக்கோம். பேசிப் பழகிட்டா மனசு சாஞ்சிருமேன்னுதான் பேசாம வந்துட்டுப் போவேன்.”

நூகு, மாதிரி எடுத்தபோது அதிகாரிகள் தந்த சீட்டின் எண்ணைச் சொன்னார். வரவேற்பு மேசைப் பெண் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

‘சாயம் எதுவும் காணப்படவில்லை.’

நூகு அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அல்லா காப்பாத்திட்டான். பிள்ள, உன்னப் போயித் தப்பா நெனைச்சிட்டேனே!”

ஹரிஹரசுப்பிரமணியன் அவசரமாகக் கைப்பேசியைத் தடவினார். “வீடியோவ அழிச்சுட்டேன் வே. அதோட முடிஞ்சுது.”

அப்போது நூகுவின் கைப்பேசி ஒலித்தது. அம்பாசமுத்திரத்தில் கல்யாணச் சமையல் செய்யும் மாடக்கண்ணு.

“பாய், சொல்லியிருந்த நாப்பது கிலோ பொடி வேண்டாம். இனி எப்பமும் வேண்டாம்.”

“ஏன் அண்ணாச்சி? சாயம் இல்லைன்னு ஆய்வகத்துக் காயிதமே என் கையில இருக்கே!”

“காயிதம் யாரு வேணும்னாலும் அடிக்கலாம் வே. இங்கன ஊரே கண்ணால பாத்தாச்சு. அது மட்டுமா? வெவரம் தெரிஞ்ச மனுஷன் ஒருத்தர் பக்கத்துல நின்னு வெளக்கமே சொல்லுதாரு. நீரே கேளும்.”

கைப்பேசியிலிருந்து அந்த விவரம் தெரிந்த மனிதரின் குரல், ஹரிஹரசுப்பிரமணியனின் காதிலும் விழுமளவுக்கு ஓங்கி ஒலித்தது:

“நல்லாப் பாருங்க! இது நூகு கடைப் பொடி! இது சாயம்!”