போறதும் வாறதும்

"ஐ ஆம் கமிங், மிஸ்!"

கையை ஆட்டிச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள் வதனா. கிரிஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். சொல்லவேண்டியது 'ஐ ஆம் கோயிங்'. விடைபெறும் பயிற்சியில் இன்றைக்கு மட்டும் இது ஒன்பதாவது தடவை.

எழுபத்தெட்டாம் வருடம், மெல்போர்னில் கிரேக்கக் குடும்பங்கள் நிறைந்த ஒரு தெருவில் புதிதாகத் தொடங்கிய இருமொழிப் பள்ளி அது. காலையில் கிரேக்கம், மதியத்துக்கு மேல் இங்கிலீஷ். சின்ன வகுப்புகளின் இங்கிலீஷ் பாடத்திட்டம், பரீட்சை எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதியவள் கும்பகோணத்துக் கிரிஜா. வீடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வந்து சேர்ந்த ஒரே தமிழ்க் குழந்தை வதனா. ஆறு வயது. தாயும் மகளுமாகக் கொழும்பிலிருந்து வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

விடைபெறுவதைத்தான் கிரிஜா முதல் பாடமாக வைத்திருந்தாள். காரணம் உண்டு. வந்த புதிதில் அவள் பக்கத்து வீட்டில் 'ஐ வில் கம்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப, அந்த அம்மாள் இவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்து ஏழு மணி வரை காத்திருந்தாள். விஷயம் தெரிந்து தெருவே சிரித்தது. அந்த அவமானம் வேறெந்தக் குழந்தைக்கும் வேண்டாம் என்று நினைத்தாள். இப்போது அதுவே வினையாகிவிட்டது.

"வதனாவுக்குப் போவதற்கும் வருவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால், மந்தமான பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பவேண்டியதுதான்" என்றாள் தலைமை ஆசிரியை. "நீங்கள் எழுதிய பரீட்சைதானே?"

எங்கள் வீடுகளில் வாசல் தாண்டும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம் என்று கிரிஜா அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. வெறும் பழக்கம்தானே, நாலு நாளில் மாற்றிவிடலாம் என்றும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. கிரிஜா படங்களைக் காட்டினாள்.

"பஸ்?"

"இட் இஸ் கோயிங்."

"நாய்?"

"இட் இஸ் கோயிங்."

"வெரி குட்! இப்ப நீ வீட்டுக்குக் கிளம்பறே. என்ன சொல்லணும்?"

குழந்தை கதவைப் பார்த்தது. "கமிங்" என்றது, கேட்டும் கேட்காமலும்.

"வதனா! கோயிங்னு சொன்னாத்தான் வீட்டுக்கு விடுவேன்!"

அவ்வளவுதான், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். கிரிஜாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பிஸ்கட் ஃபேக்டரி வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்த சத்தியபாமா, அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"வீட்டில கொஞ்சம் சொல்லிக் குடுக்கக் கூடாதா?" கிரிஜா படபடத்தாள். "நம்ம வழக்கமெல்லாம் நம்ம வீட்டோட இருக்கட்டும்மா. இன்னைக்குச் சொல்லலேன்னா குழந்தைய வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

சத்தியபாமா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் அடிச்சும் பாத்தனான், ரீச்சர். சொல்லுறாளில்லை."

"அர்த்தம் புரியலையா அவளுக்கு?"

"ஐயோ, நல்லா விளங்கும்." சத்தியபாமாவின் குரல் தணிந்தது. "போன வருசம் கொழும்பில கலவரம் தொடங்கின அண்டைக்கு, கடையைப் பூட்டவெண்டு ஓடினவர் இவளின்ர அப்பா. வாசலில இவள் மட்டும்தான் நிண்டவள்."

கிரிஜா கையிலிருந்த படங்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அண்டைக்கு அவர் 'வாறன்' எண்டு சொல்லேல்லை, ரீச்சர். 'போறன்' எண்டுதான் சொன்னவர்."