பூட்டிய முகவரி

"பூட்டைத் திறக்கிறியா, இல்ல வேலையை விட்டுப் போறியா?"

முதலாளி சர்போங் கத்தியதில், கானாவின் குமாசி நகரத்துப் பட்டறையில் பற்றவைப்பு வேலையில் இருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள்.

செர்வா நிமிரவில்லை. அவளுடைய கணினித் திரையில் ஒரு முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாகப் பூட்டுப் படம் தெரிந்தது. அதைப் போட்டவள் அவள்தான்.

"திறக்க மாட்டேன் சார்."

அவள் மேசையில் இருந்தது, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை. அதிலுள்ள சில்லுக்குள், அதன் மூளையான செயலியையே இவர்கள்தான் வடிவமைத்து ஏற்றுகிறார்கள். எந்த நினைவகம் எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்பதும் இவர்கள் பொறுப்பு.

புதுப் பலகைக்குப் பெரிய நினைவகம் போட்டார்கள். அது இடம் போதாமல் நீண்டு, குளிர் அளவுகளைச் சேமித்து வைக்கும் பகுதியின் மேல் ஏறிவிட்டது. ஒரே முகவரியில் இரண்டு பேர். பலகை எழுந்திருக்கவே இல்லை.

சேமிப்புப் பகுதியைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. பூட்டைத் திறந்தால் போதும், மென்பொருளே தள்ளி வைத்துவிடும்.

"தாயே, ஒரே ஒரு சொடுக்கு" என்றான் பக்கத்து மேசை அட்டா. "அந்த முகவரியைக் கட்டிக்கவா போறே?"

"கட்டிக்கிட்டா உனக்கும் விருந்து உண்டு. இப்ப சும்மா இரு."

"மதியம் வடக்கேருந்து, கிளினிக்குங்களுக்குச் சாமான் வாங்குற லமிசி மேடம் வர்றாங்க" என்றார் சர்போங். "முப்பது பலகைக்கு ஆர்டர். அவங்க கண்ணு முன்னாடி இது செத்துக் கிடந்தா என் மானம் போயிடும்!"

"சாகாது சார். மத்ததையெல்லாம் நகர்த்துறேன். இது மட்டும் நகராது."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

அவள் விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தாள்.

"திமிரு! தான் போட்ட கணக்கு தப்புன்னு ஒத்துக்க மனசு வரல."

அவர் சொல்வது சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றியது.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சர்போங்கிடம் இரண்டு போன்கள் உண்டு. பெரியது அடித்தால் எடுப்பார். சின்னது அடித்தால் யார் என்று கூடப் பார்க்காமல் அதன் வாயை அடைப்பார். இப்போது அடித்தது சின்னது. அடைத்தார்.

செர்வா பெரிய நினைவகத்தை வேறு கோடிக்குத் தூக்கிப் போட்டாள். செயலி கண் விழித்ததும் முதலில் எங்கே போக வேண்டும் என்ற முகவரியை மாற்றினாள். புரோகிராமை ஏற்றினாள்.

பலகை அசையவில்லை.

அட்டா எட்டிப் பார்த்துச் சிரித்தான். "புது வீட்டுக்குக் குடிபோயிட்டு, பழைய வீட்டுக் கதவைத் தட்டுதே உன் புரோகிராம்!"

அவன் சொன்னது சரி. எது எந்த முகவரிக்கு மாறியது என்ற புது வரைபடத்தைப் புரோகிராமுக்குச் சொல்ல மறந்துவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்யும் தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குள் லமிசி மேடம் வந்துவிட்டார். புளித்த சோளமாவில் அவித்த கெங்கி உருண்டையும் பொரித்த மீனும் வரவழைத்து அவரை உட்கார வைத்தார் சர்போங்.

"மன்னிக்கணும் மேடம். இந்தப் பொண்ணு பெரிய பிடிவாதக்காரி. இந்த வாரத்தோட கணக்கு முடிச்சு அனுப்பிடுறேன்."

லமிசி மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அப்படியா?" என்றார்.

அவர் கை கழுவி வந்தபோது, புதுப் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது.

"பார்த்தீங்களா! கையெழுத்து போடுங்க மேடம்."

லமிசி பேனாவை வாங்கவில்லை. பையிலிருந்து துணி சுற்றிய ஒரு பழைய பலகையை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல்ல இதே புரோகிராமை இதுல ஏத்திக் காட்டுங்க."

சர்போங்கின் சிரிப்பு நின்றது. "இது வேற கம்பெனிச் சரக்கு மேடம். எவனோ வித்துட்டு, கடையைச் சாத்திட்டு ஓடிட்டான். அவனை மாதிரி ஆளுங்களாலதான் எங்க பேரும் கெடுது."

"ஆமா, ஓடித்தான் போயிட்டான். எங்க ஊர்ப் பக்கத்துக் கிளினிக்கு எல்லாத்துலயும் இன்னமும் இதுதான் ஓடுது. ஒண்ணொண்ணா நின்னுக்கிட்டு வருது. போன மாசம் இதைத் தூக்கிட்டு இங்க வந்தேன். வாசல்லயே காவலாளி திருப்பி அனுப்பிட்டார். இந்தப் பொண்ணுதான் வேன் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்து, வாங்கிப் பார்த்துச்சு."

செர்வா அதற்குள் ஏற்றிவிட்டாள். பழைய பலகையிலும் பச்சை எரிந்தது.

"நின்னுபோன பழசையும் இந்தப் புரோகிராம் எழுப்பிடும். ஆனா பழசு குளிர் அளவை அந்த ஒரு முகவரியிலதான் தேடும்" என்றாள். "அதை நகர்த்தியிருந்தா, இந்தப் புரோகிராம் அங்க உதவாது. ஊசி மருந்தெல்லாம் கெட்டிருக்கும்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றான் அட்டா.

"சொல்லியிருந்தா, அது நம்ம தலைவலி இல்லன்னு சாரே பூட்டைத் திறந்திருப்பார்."

சர்போங் சட்டென்று உரக்கச் சிரித்தார். "சேச்சே! எவனோ ஒரு ஏமாத்துக்காரன் விட்டுட்டுப் போனதை எங்க பொண்ணு சரி பண்ணுது. இதுக்குக் குறுக்க நிப்பேனா? இப்படிப்பட்ட பிள்ளைங்களைத்தான் மேடம் நான் வேலைக்கு வைக்கிறது!"

லமிசி பழைய பலகையைத் திருப்பிப் பார்த்தார். "அந்த ஏமாத்துக்காரன் நம்பரைப் பின்னாடியே அச்சடிச்சிருக்கான். நானும் விடாம அடிக்கிறேன். இன்னைக்குக் காலையிலகூட அடிச்சேன். எடுக்கவே மாட்டேங்கிறான்."

"இப்ப ஒரு தடவை அடிச்சுப் பாருங்க மேடம்" என்றாள் செர்வா. அவள் பார்வை சர்போங்கின் முகத்தை விட்டு நகரவில்லை.

லமிசி அடித்தார்.

சர்போங்கின் சட்டைப் பையில் சின்னப் போன் அடித்தது.