நர்ஸ் வேஷம்

பல வருடங்களுக்கு முன் ஒரு போர்ப் படத்தில் எஸ்தர் நர்ஸாக நடித்தாள். தொடையில் குண்டு பாய்ந்த சிப்பாயின் காயத்தில் துணியைத் திணித்து, அழுத்தியபடியே அவனிடம் பேச வேண்டும். எதுவும் பொய்யாகத் தெரியக் கூடாதென்று இயக்குநர் ஒரு ராணுவ டாக்டரை வரவழைத்து அவளுக்கு அதைக் கற்றுத்தர வைத்தார். அந்தக் காட்சி வந்தால் தியேட்டரில் இருமல் சத்தம்கூடக் கேட்காது.

திண்டிவனம் தாண்டியதும் எஸ்தர் வந்த பஸ் கவிழ்ந்தது. அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. முன் சீட்டு இளைஞனின் தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டது. சுற்றி நின்றவர்கள் அவன் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார்கள். எஸ்தர் அவர்களை விலக்கிவிட்டு முந்தானையைக் கிழித்துக் காயத்தில் திணித்தாள். உடம்பின் கனம் முழுவதையும் கைகளில் இறக்கினாள்.

"பேரென்ன தம்பி?"

"தணிகாசலம்." அவன் அவள் முகத்தையே பார்த்தான். "நீங்க அந்த மிலிட்டரி படத்துல வர்ற நர்ஸுதானே?"

"ஆமா. கண்ண மூடாத, பேசிக்கிட்டே இரு."

"அதுல அந்த ஆளு செத்துருவானேக்கா."

"அது கதை எழுதினவர் முடிவு. இங்க அழுத்துறது நான். உன் ஊரைச் சொல்லு."

ஊரைச் சொன்னான். தெருவையும் சொன்னான். தங்கச்சி கல்யாணத்தைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஆம்புலன்ஸ் வந்தது.

"விடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஊழியர்.

"மொதல்ல உங்க கைய என் கை மேல வச்சு அழுத்துங்க. அப்புறம் நான் உருவிக்கறேன்."

"சரிங்க சிஸ்டர்" என்று அவர் மண்டியிட்டார்.