ஒன்பதாவது விளக்கு

"அண்ணே, வண்டியத் திருப்புங்க. எனக்கு ஆபரேஷனே வேண்டாம்."

ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடந்த டீச்சர் கெஞ்சினார். போட்ட ஊசியில் உடம்பு மட்டும் பஞ்சாக மிதந்தது. தள்ளிக்கொண்டு போன வார்டு ஊழியர் வேகத்தைக் குறைத்தார். திருப்பவில்லை.

"எடையக் குறைக்கிற ஆபரேஷன்தானே டீச்சர், பயப்படாதீங்க."

"ஒல்லிக்குச்சியா இருக்கிற உங்களுக்கு என் பயம் எங்க தெரியப் போகுது?"

"சரி, மேல பார்த்து விளக்க எண்ணிட்டே வாங்க. அஞ்சாவது உங்களப் பார்த்துக் கண்ணடிக்கும்."

டீச்சர் எண்ணினார். வெள்ளை நிலாக்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் நீந்திப் போயின. ஐந்தாவது நிலா கண்ணடித்தது.

"ஏழாவது தாண்டினா ஒரு ஈரக்கறை. யானை படுத்திருக்கிற மாதிரியே இருக்கும்."

இருந்தது. தும்பிக்கைகூட இருந்தது.

"என்கூடப் பிறந்தது போல" என்றார் டீச்சர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒன்பதாவது எரியாது. அது வந்தா தியேட்டர் கதவு. அவ்வளவுதான் பாதை."

டீச்சர் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தார். அவர் கண் எதிரே வருகிறவர்கள் மேல்தான் இருந்தது. வந்த வழி முழுக்க ஒருமுறைகூட நிமிரவில்லை.

"மேல பார்க்காமலே எப்படிண்ணே சொல்றீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷனுக்கு நானும் இப்படித்தான் படுத்துப் போனேன் டீச்சர். வண்டியத் திருப்புங்கடான்னு கத்தினேன்."

ஒன்பதாவது விளக்கு எரியவில்லை. அவர் தோளால் கதவைத் திறந்தார்.

"என்னைத் தள்ளிட்டு வந்தது மூணு பேர். மூணு பேராலயும் திருப்ப முடியல."