எதிர்க் கடை

பொம்மிடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சின்னப்பராஜ், பஸ் ஏறி தர்மபுரிக்கு வந்து, செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை சுசித்ராவின் கடை மேசையில் போட்டார்.

"கல்யாண வீடியோ மொத்தமும் போச்சும்மா. பொண்ணு வூட்டுக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறது? இனி டெல்மோரா கம்பெனியும் வேணாம், உங்க கடையும் வேணாம்."

விடுவிடுவென்று எதிர்க் கடைக்குள் நுழைந்து, நடந்ததைச் சொன்னார்.

"அங்க போயா வாங்கினீங்க?" உச்சுக்கொட்டினான் கடைக்காரன் மாதேஷ். "அந்தம்மாவுக்கு யாவாரமே தெரியாதுங்கண்ணா. இந்தாங்க, கிரஸ்டான். இதை நம்பி எடுத்துட்டுப் போங்க."

பணம் கொடுத்த பிறகுதான் சின்னப்பராஜ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, தயாரிப்பு டெல்மோரான்னு போட்டிருக்குது?"

"போன வருஷமே கிரஸ்டானை அவங்க வாங்கிட்டாங்கண்ணா."

"அப்பறம் எதுக்கு இன்னும் ரெண்டு பேரு வெச்சு விக்கறாங்க?"

"அதுமேல கோவிச்சுக்கிட்டு வர்றவங்க இதை வாங்கணுமில்லீங்களா?"

கடையையாவது மாற்றினோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவர் படியிறங்கினார்.

சாப்பாட்டு கேரியரோடு ரோட்டைத் தாண்டி வந்த சுசித்ரா, அவருக்கு வழிவிட்டு உள்ளே போனாள்.

"ஏங்க, இன்னைக்கு என்னைப் பத்தி என்ன சொல்லி யாவாரம் பண்ணினீங்க? சரி, கையக் கழுவுங்க, சோறு ஆறுது."