கருமாதி முடிந்தவன்

அறையில் நாலு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ரைட்டர் காந்திமதிநாத பிள்ளை, ஜன்னலோரம் டாக்டர் கிருபைராஜ், சுவரில் சாய்ந்தபடி நெசவு மேஸ்திரி அகமது மீரான், எல்லாருக்கும் எதிரே கைகட்டி நின்ற சுடலைமாடன்.

“ஏலே, உன்னை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நாலு கேள்வி கேப்பேன். ஒழுங்கா பதில் சொல்லு,” என்றார் ரைட்டர்.

“நான் போகலை எசமான்.”

“உன்கிட்ட யாருலே சம்மதம் கேட்டா?”

என்ன கேட்பார்கள் என்பது சுடலைமாடனுக்குத் தெரியும். உடம்பு, வேலை, படிப்பு, வீடு. ஏதாவது ஒன்றில் சறுக்கினால் நிறுத்திவைத்துவிடுவார்கள் என்று தறிக்கூடத்தில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எப்படியாவது சறுக்கியே தீருவது என்றுதான் வந்திருந்தான்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“ராத்திரி பூரா இருமல் எசமான். நெஞ்சை அறுக்குது.” இருமியும் காட்டினான்.

டாக்டர் எழுந்து வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். “வரும்போது காஞ்ச ஓலை மாதிரி வந்தான். இப்போ நெஞ்சு தவில் மாதிரி இருக்கு. இருமல் தொண்டையிலகூட இல்ல, வெறும் வாயிலதான் இருக்கு. பூரண சுகம்னு எழுதுங்க பிள்ளைவாள்.”

“என்ன வேலை?”

“ஊர்ல பனை ஏறினேன். இப்போ ஏறினா கால் நடுங்கும். இங்கன வந்துதான் தறி பழகினேன். ஜமக்காளம் பாதியில நிக்கு எசமான். அந்தப் பூவேலை வேற யாருக்கும் வராது. மேஸ்திரியார்ட்ட கேளுங்க.”

அகமது மீரான் முன்னால் வந்தார். “நெசந்தான் பிள்ளைவாள். இவனை மாதிரி கை எங்க மேலப்பாளையத்துலயே நாலு பேருக்குத்தான் உண்டு. புதுசா ஒருத்தனைப் பழக்குததுக்குள்ள என் தாடி நரைச்சுரும்.”

“உம்ம தாடி ஏற்கெனவே நரைச்சுதான்வே இருக்கு. ‘நல்ல நெசவுக்காரன், எங்கேயும் பிழைத்துக்கொள்வான்.’ எழுதியாச்சு.”

மேஸ்திரி சுடலைமாடனைப் பார்க்காமல் மறுபடி சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

“படிப்பு?”

“ஒரு எழுத்துகூடத் தெரியாது எசமான்.”

“ஞாயித்துக்கிழமை உபதேசியார்ட்ட படிக்கேன்னு சொன்னாங்களே?”

“மண்டையில ஏறலை எசமான்.”

ரைட்டர் சிலேட்டை எடுத்து எதையோ எழுதி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். ‘சுடலைமாடன் ஒரு திருடன்.’

“நான் திருடன் இல்ல எசமான்!”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “வாசிக்கத் தெரியும்,” என்று ரைட்டர் எழுதிக்கொண்டார். “கடைசிக் கேள்வி. வீட்ல யாரு இருக்கா?”

சுடலைமாடனுக்கு இருமல் மறந்துபோயிற்று.

“எனக்குக் கருமாதி முடிச்சாச்சு எசமான்.”

ரைட்டரின் பேனா நின்றது.

“பேதி வந்த வருசம் இங்கன இன்னொரு சுடலைமாடன் செத்தாம்லா? திசையன்விளைக்காரன். சுடலைமாடன் செத்துட்டான்னு எங்க ராதாபுரம் பக்கம் பேச்சு வந்திருக்கு. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு சுடலைமாடன். எந்தச் சுடலைமாடன்னு எவனும் கேக்கலை. நேரா எங்க வீட்ல போய்ச் சொல்லிட்டாங்க. என் பொஞ்சாதி தாலியை அறுத்துட்டா. எங்காளுகள்ல மறுதாலி உண்டு. என் தம்பியே கட்டிக்கிட்டான். ரெண்டு பிள்ளை இருக்கு.”

“உனக்கு யாருலே சொன்னது?”

“புதுசா தறிக்கு வந்தவன் எங்க ஊர்க்காரன். என்னைப் பாத்ததும் பேயின்னு அலறி, தறியில கட்டியிருந்த பாவு நூல் மேலயே விழுந்தான்.”

“ஆமா, பாவு பூரா போச்சு,” என்றார் மீரான்.

“நான் போய் வாசல்ல நின்னா அவ எந்தத் தாலியைக் கழட்டுவா? என் தம்பி எங்க போவான்? செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். இங்கனயே வச்சுக்கிடுங்க.”

சந்தையில் விலை கேட்பவனைப் போலச் சாதாரணமாகத்தான் கேட்டான். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உத்தரவுல அதுக்கு இடமில்லையேலே,” என்றார் ரைட்டர். குரல் இறங்கியிருந்தது.

“என்ன தப்பு செஞ்சேன்னு அனுப்புதீக?”

“ஒரு தப்பும் செய்யலை. அதனாலதாம்லே அனுப்புதோம். எந்த ஊருன்னு சொல்லு, எழுதணும்.”

“திசையன்விளைன்னு எழுதுங்க.”

“அங்கன உனக்கு யாரு இருக்கா?”

“எனக்கு யாருமில்ல. செத்தவனுக்கு ஆத்தா இருக்கா. அவ வீட்டுக்குப் போகவேண்டிய சேதிதானே எங்க வீட்டுக்கு வந்துச்சு? அவ இன்னும் மகன் வருவான்னு உக்காந்திருப்பா. யாராவது சொல்லணும்லா.”

ரைட்டர் ‘திசையன்விளை’ என்று எழுதினார்.

மறுநாள் காலை பெரிய கதவு வரை அகமது மீரான் கூடவே வந்தார். “கிழவிகிட்ட பைய சொல்லு. எடுத்த எடுப்புல போட்டு உடைச்சிராதே. சொல்லிட்டு நேரா மேலப்பாளையம் வா. என் மச்சான் தறி போட்டிருக்கான்.”

“பேர் கேட்டா என்ன சொல்ல?”

“சுடலைமாடன்னுதான் சொல்லணும். எங்க தெருவுல ஒரு சுடலைமாடன்கூடக் கிடையாது.”

சுடலைமாடன் சிரித்துவிட்டு மூட்டையோடு வாசலைத் தாண்டினான். கதவு சாத்தப்பட்டது. டில்லியில் வெள்ளைக்கார ராஜா முடிசூட்டு தர்பார் நடத்திய சந்தோஷத்தில் நன்னடத்தைக் கைதிகளுக்கு மிச்சத் தண்டனையைத் தள்ளியிருந்தார்கள். பனைத் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு வந்தவன், இத்தனை வருடமாக உள்ளேயிருந்தே கேட்ட ஜெயில் பூட்டின் சத்தத்தை அன்றுதான் வெளியே நின்று கேட்டான்.