ஆச்சா?

போன் ஸ்பீக்கரில் கிடந்தது. அவர் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் மகள் முறைத்தாள்.

"கயிறெல்லாம் சோதிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"அதெல்லாம் ஆச்சு சார்," என்றது மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும் சென்னைக் கம்பெனிப் பெண்ணின் குரல்.

பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற முள்? ஆச்சு சார்.

இன்சூரன்ஸ்? ஆச்சு.

மலையில் கூட வருகிற கைடு?

"எல்லாமே ஆச்சு சார். நீங்க கன்ஃபார்ம் மட்டும் பண்ணுங்க. ஆறு மணிக்கு மேல சீட் இருக்காது."

பயணம் அடுத்த மாதக் கடைசியில். அந்தக் கயிறு இப்போது நேபாளத்தில் ஏதோ ஒரு வாடகைக் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை இந்தப் பெண் சென்னையில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்தபடியே பார்த்து முடித்துவிட்டாளாம்.



"போதுமாப்பா?" என்றாள் மகள் வதனி. "ரிட்டயர் ஆனாலும் லைன்மேன் புத்தி போகாது உங்களுக்கு."

போகாதுதான். முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறிய புத்தி எங்கே போகும்?

ஆனால் ஒரு வார்த்தை போய்விட்டது. பதினெட்டு வருடமாக அவர் வாயில் அது வருவதில்லை. சாப்பிட்டாச்சா என்றால் சாப்பிட்டேன் என்பார். குளிச்சாச்சா என்றால் குளிச்சேன். பென்ஷன் வந்தாச்சா என்றால் வந்துச்சு.

வீட்டில் ஒருத்தரும் கவனித்ததில்லை. இதையெல்லாமா கவனிப்பார்கள்?

அடுத்து, இதே மாதிரி மலைக்கு ஆள் கூட்டிப்போகும் மதுரைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார்கள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்ததுமே இருமல்.

"கயிறா? இன்னும் ஆகலை சார்."

வதனி தலையில் கை வைத்தாள்.

"ஏறுற அன்னைக்குக் காலையில நானே இழுத்துப் பாப்பேன். பாக்காம எப்படிச் சொல்றது? சரியில்லைன்னா யாரையும் ஏத்த மாட்டேன். போன தடவை ஒன்பது பேரைப் பாதியில இறக்கிக் கூட்டிட்டு வந்தேன். அதுல ஆறு பேரு இன்னும் எங்கூடப் பேசுறதில்லை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போனை வைத்ததும் வதனி உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு கேள்விக்காவது நல்லதா பதில் சொன்னாரா அந்த ஆளு? இவரை நம்பியா நாட்டை விட்டுப் போறது?"

மணி ஐந்தே முக்கால்.

சென்னைக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு தட்டு பாக்கி.

"ரெண்டு சீட்டுப்பா. எனக்கு ஒண்ணு, ரெஜினாவுக்கு ஒண்ணு."

ரெஜினா.

அருளப்பனின் மகள். அருளப்பன் அவரோடு வேலை பார்த்தவன். ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுத் தின்றவன்.

அவன் மேலே ஏறினால் அவர் கீழே. அவர் ஏறினால் அவன். டிரான்ஸ்பார்மரில் சுவிட்சை இறக்கிக் கரண்டை நிறுத்திவிட்டார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது கீழே நிற்பவன் வேலை.

அன்றைக்குக் கீழே நின்றது அவர்.

டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும். தூறிக்கொண்டிருந்தது. போகாமல் போனிலேயே கேட்டார்.

ஆச்சுண்ணே, என்றான் அங்கே நின்றவன்.

கம்பத்தின் மேலிருந்து அருளப்பன் குரல் கொடுத்தான். "ஆச்சா?"

"ஆச்சு."

போனில் சொன்னவன் வேறொரு லைனைச் சொல்லியிருக்கிறான். அருளப்பன் செத்ததற்கு நடந்த விசாரணையில் பழி முழுக்கப் போனில் சொன்னவன் தலையில் விழுந்தது. நீ போய்ப் பார்த்தாயா என்று இவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

இவரும் சொல்லவில்லை.

ரெஜினாவுக்கு அப்போது எட்டு வயது. ஆறாம் வகுப்பில் சேர்த்ததிலிருந்து வேலைக்குப் போன முதல் நாள் ரயிலேற்றி விட்டது வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் போய் நின்றார். நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவருக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் என்றிருந்தது.

"நேரமாகுதுப்பா." வதனி ரெஜினாவுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில்தான்.

"ரெண்டு பேருகிட்டயும் பேசிட்டோம்டி. சென்னையா, மதுரையா? நீ சொல்லு."

"மாமா விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாரு விசாரிச்சாரு. மானத்தை வாங்கிட்டாரு."

ரெஜினா சிரித்தாள். அருளப்பனின் சிரிப்பு. கடைசியில் ஒரு சின்ன மூக்கு உறிஞ்சலோடு.

"அப்புறம் என்னடி? மாமா ஆச்சுன்னு சொன்னா போதும். நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன்."

மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

வதனியின் விரல் திரைக்கு மேலே நின்றது. "சொல்லுங்கப்பா. ஆச்சுன்னு சொல்லிடட்டுமா?"

அவர் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"ரெஜினா."

"சொல்லுங்க மாமா."

"மதுரைக்காரரோட போங்கம்மா."

"சரி மாமா."

ஏன் என்றுகூட அவள் கேட்கவில்லை.

அதோடு வைத்திருக்கலாம். மதுரைக்காரர் கூட்டிக்கொண்டு போவார், பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருவார். இத்தனை வருடம் போனது போல இன்னும் எத்தனையோ வருடம் போயிருக்கும்.

அவர் வைக்கவில்லை.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றார். "அன்னைக்கு மழை தூறிக்கிட்டிருந்துச்சு."